கிரியோல் தூள் அரைத்த வாரம்

துர்கா, தினேஷ், இரண்டு பேரும் கேளுங்கள்.

போன வாரம் பேப்பரில் நான் எழுதியதைப் படித்துவிட்டுத் துர்கா எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரே வரி அனுப்பினாள். "ப்பா, இனிமே என்னைப் பத்திப் பேப்பர்ல எழுதுனா வீட்டுல ஒங்களுக்குச் சோறு கெடையாது." நியாயம்தான். அதனால் இந்த வாரம் என்னைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். துர்கா நடுநடுவே வருவாள். அதற்கு நான் பொறுப்பில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து தொடங்குகிறேன். குவாலா சிலாங்கூர் ஆற்றங்கரையில் சீன முதலாளி ஆ செங் தவுக்கேயின் கடல் உணவுக் கடை. கடைசி மேசை. தட்டில் சிவப்பாக, பளபளவென்று, ஆவி பறக்கப் பத்துப் பன்னிரண்டு இறால். தவுக்கே ஒன்றை எடுத்து ஓட்டை உரித்து வாயில் போட்டார். இரண்டு தடவை மென்றார். பிறகு மெல்லுவதை நிறுத்திவிட்டு ஆற்றைப் பார்த்தார்.

நல்ல சாப்பாட்டை வாயில் வைத்துக்கொண்டு யாரும் ஆற்றைப் பார்க்கமாட்டார்கள்.

துர்கா அவர் முகத்தைப் பார்த்தாள். உங்கள் அம்மா சரசு துர்காவின் முகத்தைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். அந்த இறாலில் என்ன குறை என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

தினேஷ், நீ அன்றைக்குப் பத்தாங் காலியில் வேலையில் இருந்தாய். நீ கேட்ட கதை உன் அம்மா சொன்னது. அதில் நான் பாதிதான் மனிதன். முழுக்கதை இதோ.

ஒரு மூலையும் ஒரு திங்கட்கிழமையும்

துர்கா ஐந்து வருடம் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல் சமையல்கட்டில் வேலை செய்தாள். அங்கே ஒரு சாப்பாடு. இறால், நண்டு, சோளம் எல்லாவற்றையும் ஒரு சிவப்புத் தூளில் புரட்டி, மேசையில் காகிதம் விரித்து அப்படியே கொட்டுவார்கள். தட்டு கிடையாது, கரண்டி கிடையாது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு விரலைச் சூப்புவார்களாம்.

அந்தத் தூளுக்குப் பேர் கிரியோல். அமெரிக்காவில் தெற்கே, பல ஊர்க்காரர்கள் வந்து சேர்ந்து ஒரே அடுப்பில் கலந்துபோன சமையல் என்று துர்கா சொன்னாள். "நம்ம ஊரு மாதிரிதான்னு சொல்லு" என்றேன். "கிட்டத்தட்ட" என்றாள்.

அதை நம் ஊரில் சனி ஞாயிறு மட்டும் சொந்தமாகச் செய்து விற்க அவளுக்கு ஆசை. கம்போங் குவாந்தானுக்குப் படகில் மின்மினி பார்க்க வருகிறவர்கள் பசியோடு வருவார்கள். ஆ செங் தவுக்கேயிடம் போய்க் கடையில் ஒரு மூலை கேட்டாள். தவுக்கேயின் அப்பா அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்து வாசலில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அதனால் மகனுக்குத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு.

"சனிக்கிழமை எனக்கு ஒரு மேசை செஞ்சி காட்டு. நல்லா இருந்தா மூலை ஒனக்கு. இல்லன்னா மன்னிச்சிக்கோ" என்றார்.

ஹோட்டலில் அவள் மேலாளர் சொன்னது வேறு. திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்தால் வா, வராவிட்டால் உன் இடத்துக்கு வேறு ஆள்.

ஆக, சனிக்கிழமை இறால் நன்றாக இருந்தால் அவள் வீட்டில் இருப்பாள். இல்லாவிட்டால் திங்கட்கிழமை விடிகாலை பஸ் ஏறிவிடுவாள்.

ஐந்து வருடமாக மாதம் ஒரு தடவை அழுக்குத் துணி மூட்டையோடு வருவாள். மறுநாள் மத்தியானம் துவைத்த துணியோடு போவாள். வீட்டில் அவளோடு அதிகம் பேசியது சலவை மெசின்தான். "இங்கேயே இரு" என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன், படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தியவன், படித்த மகளிடம் அதை எப்படிச் சொல்வது? அதனால் அவள், "ப்பா, வெள்ளிக்கெழம வரைக்கும் எனக்கு அங்க டியூட்டி. தூள மட்டும் நீங்க பண்ணி வெச்சிர்றீங்களா?" என்று கேட்டபோது, அவள் கேட்டு முடிக்கும் முன்பே தலையாட்டிவிட்டேன்.

ஒரு தாளில் எல்லாம் எழுதிக் கொடுத்தாள். "லிஸ்ட்ல உள்ளபடியே செய்யுங்க. ஒங்க ஐடியா ஒண்ணும் வேணாம் லா."

"நான் என்ன ஐடியா பண்ணப்போறேன்?"

"போன தீபாவளிக்கு என் கேக்குல இஞ்சி போட்டது யாரு?"

"செரிமானத்துக்குத்தானே போட்டேன்."

"ப்பா!"

லோரிக்குள் பூண்டு

லிஸ்டில் முதல் பெயர் பாப்ரிகா. கேக் சாமான் விற்கிற கடையில் கிடைத்தது. நல்ல சிவப்பு. ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துவிட்டுத் தண்ணீர்க் குவளையோடு காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆள்தான் சிவப்பு, கோபமே கிடையாது.

அதே கடையில் ஒரிகானோ, தைம் என்று இரண்டு காய்ந்த இலையும் வாங்கினேன். உங்கள் அம்மா இரண்டையும் முகர்ந்து பார்த்தாள். "இது ஓமம் வாசம். இன்னொண்ணு சளிக்கு நெஞ்சுல தேய்க்கிற தைலம். இதையா காசு குடுத்துத் திங்கிறாங்க?"

பூண்டுத் தூளும் வெங்காயத் தூளும் கடையில் பாட்டிலில் இருந்தன. லிஸ்டில் உள்ளபடி அதையும் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் நம் வீட்டில் பூண்டு இருக்கிறது, வெங்காயம் இருக்கிறது, வெயில் இருக்கிறது. தூள் எதற்கு வாங்குவது? இதை ஐடியா என்று சொல்லக்கூடாது. சிக்கனம்.

சரசு மெல்லிசாகச் சீவிக் கொடுத்தாள். மூன்று தட்டு நிறைய வந்தது. வீட்டு வாசலில் காயவைத்தால் குரங்கு விடாது. யோசித்துப் பார்த்தேன். எண்ணெய் ஆலையில் என் லோரி வரிசையில் நிற்கும் நேரம் எப்படியும் இரண்டு மணி நேரம், நல்ல மத்தியான வெயிலில். கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே அடுப்புத்தான். முன்கண்ணாடிக்குக் கீழே மூன்று தட்டையும் வரிசையாக வைத்துவிட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்தேன்.

மூன்று நாளில் வெங்காயம் சருகு மாதிரி மொறுமொறுவென்று ஆனது. நானும் கொஞ்சம் ஆனேன். எடை மேடைத் தம்பி நான் கதவைத் திறந்ததும் இரண்டடி பின்னால் போனான்.

"அண்ணே, உள்ள யாருக்குக் கல்யாணம்?"

"பொண்ணுக்குக் கடை வைக்கிறேன்டா."

"கடைய லோரியிலயேவா வைக்கப்போறீங்க?"

இன்றுவரை மழைக்காலத்தில் அந்த லோரியில் குளிர்சாதனத்தைப் போட்டால் பிரியாணி வாசம் வரும். முதலாளி என்னிடம் இதுவரை காரணம் கேட்கவில்லை. இதைப் படித்தால் கேட்பார்.

பாய் மில்லில் ஒரு தீர்ப்பு

அரைப்பதற்கு டவுனில் பாய் மில்லுக்குப் போனேன். அங்கே அரைக்கப் போகிறவர்களுக்குத் தெரியும், நமக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்காமல் யாரும் தன் பையைக் கொட்டமாட்டார்கள். ஒருத்தர் மிளகாய் அரைத்தால் அடுத்தவர் மல்லிக்கு முன்னால் ஒரு பிடி அரிசியை விட்டு மெசினைத் துடைக்க வேண்டும். எனக்குப் பின்னால் சுங்கை ஆயர் தாவாரிலிருந்து வந்த ஓர் அம்மா நின்றார், கையில் சாம்பார்த்தூள் சாமானோடு. என் பையிலிருந்து ஒரிகானோ வாசம் வந்ததும், "பாய், இவருக்கப்புறம் ரெண்டு பிடி அரிசி விடுங்க. இல்ல, மூணு விடுங்க" என்றார்.

பாய் என் லிஸ்டை வாங்கிப் படித்தார். மிளகு சரி. வெள்ளை மிளகு சரி. காய்ந்த மிளகாய் சரி. கடைசி வரியில் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"உப்பு ரெண்டு கப்பா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"எங்க வாப்பா காலத்துலேர்ந்து இந்த மிசின்ல உப்பு விழுந்ததில்ல. விழுந்தா துருப் புடிச்சிப் போயிரும்."

"அதை அரைக்க வேணாம் பாய். வீட்டுல போய்க் கலந்துக்கலாம்."

"அரைக்கிறத வுடுங்க அண்ணே. தூள்லயே உப்பக் கலந்து வெச்சா, அப்புறம் கறிக்கு எவ்வளவு உப்புன்னு எவனுக்குத் தெரியும்?"

பின்னால் நின்ற அம்மா முந்திக்கொண்டார். "உப்பு சட்டியில போடுறது. தூள்ல போடுறதில்ல. யாரு எழுதுனது இத?"

"என் மகள்."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"அதான்."

துர்கா, உண்மையைச் சொல்கிறேன். அவர்கள் பேச்சைக் கேட்டு மட்டும் நான் அதைச் செய்யவில்லை. எனக்கென்று ஒரு சந்தேகமும் இருந்தது. செம்பனை விற்கிறவர்களில் சில பேர் குலையின் காம்பை நீளமாக விட்டு வெட்டுவார்கள். உதிரிப் பழத்தில் மண்ணை அள்ளிப் போடுவார்கள். எதற்கு? எடைக்கு. அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் இது. எட்டுக் கப் தூளில் இரண்டு கப் உப்பு என்றதும், ஆகா, இந்த வெள்ளைக்காரன் பாட்டிலில் எடை ஏற்றுகிறான், என் மகள் வெளுத்ததெல்லாம் பால் என்று அதைப் பார்த்து எழுதிவிட்டாள் என்று முடிவு கட்டினேன்.

உன்னைக் கேட்டிருக்கலாம். போனைக் கையில் எடுத்தேன். நீ என்ன சொல்வாய் என்று தெரியும், "லிஸ்ட்ல உள்ளபடியே" என்பாய். பதில் தெரிந்த கேள்வியை எதற்குக் கேட்பது என்று போனைச் சட்டைப்பையில் போட்டேன். தாளின் கடைசி வரியை மட்டும் பின்னால் மடித்தேன். அடிக்கவில்லை, கிழிக்கவில்லை. மடித்தேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை நீ வந்து டின்னைத் திறந்தாய். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாய். "ப்பா, ஹோட்டல் தூள விட வாசமா இருக்கு" என்று என் தோளில் தலையைச் சாய்த்தாய். அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"டீ குடிக்கிறியா?" என்று கேட்டேன்.

உப்புப் போட்ட மூன்று கைகள்

மறுபடியும் அந்த மேசை.

தவுக்கே ஒருவழியாக விழுங்கினார். "துர்கா, வாசனை நல்லா இருக்கு. கலர் நல்லா இருக்கு. ஆனா இது என்னா, ஆஸ்பத்திரியிலே படுக்கைக்குக் கொண்டாந்து குடுப்பானே, அந்த மாதிரி இருக்கு."

துர்காவின் முகம் வெளுத்தது. உள்ளே அடுப்பில் இரண்டாவது குவாலிச் சட்டி தயாராகிக்கொண்டிருந்தது. தவுக்கே அவளை நிற்கவைத்து, ஒரு மேசைக்கு எவ்வளவு இறால், எவ்வளவு நேரம் என்றெல்லாம் கேட்க ஆரம்பித்தார். கேட்ட விதத்திலேயே தெரிந்தது, மரியாதைக்குக் கேட்கிறார்.

நான் கழிவறைக்குப் போகிறவன் மாதிரி நழுவினேன். நேரே அடுப்புக்குப் போனேன். உப்பு ஜாடியில் கையை விட்டு ஒரு கை நிறைய அள்ளி இரண்டாவது குவாலியில் போட்டு ஒரு புரட்டுப் புரட்டினேன். யாரும் பார்க்கவில்லை. என் தப்பும் வெளியே வராது, மகளும் ஜெயிப்பாள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, ஈரக்கையை உதறியபடி திரும்பி வந்தேன்.

நான் வந்ததும் சரசு எழுந்து போனாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் வந்ததும் துர்கா உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது தட்டோடு வந்தாள். முகத்தில் கொஞ்சம் தைரியம் திரும்பியிருந்தது.

தவுக்கே உரித்தார், வாயில் போட்டார். கண் இரண்டும் பெரிதானது. தன் டீயைக் குடித்தார். என் டீயை எடுத்துக் குடித்தார். சரசுவின் தண்ணீரையும் எடுத்துக் குடித்தார்.

"அண்ணே! மொதல்ல ஆத்துத் தண்ணி குடுத்தீங்க, இப்ப கடல் தண்ணி குடுக்கிறீங்க!"

"நான் ஒரு கரண்டிதானே போட்டேன்?" என்றாள் துர்கா.

"நீ போட்டியா?" என்றாள் சரசு. "நீ பயத்துல உப்பு மறந்துட்டன்னு நெனச்சி நானும் ஒரு கரண்டி போட்டேனே."

இரண்டு பேரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அதுவே போதும். சரசு என் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்து விரலை விரித்தாள். நகக்கண்ணில் எல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பு.

"ப்பா, சட்டியில உப்பில்லன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க ஒண்ணுகூட வாயில வைக்கலியே."

சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். அவள் மடிப்பைப் பிரித்தாள். கடைசி வரியைப் படித்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேணும்னுதான் செஞ்சீங்களா?" என்று கேட்டாள். "நான் திங்கட்கெழம போயிரணும்னு நெனச்சீங்களா?"

பிள்ளைகளே, ஒரு மனிதன் மசாலாவில் உப்புப் போடாததற்கு இப்படி ஓர் அர்த்தம் வரும் என்று பாய் எனக்குச் சொல்லவில்லை.

"இல்லம்மா" என்றேன். "நீ இங்கயே இருக்கணும். அஞ்சு வருசமா அதான் நெனச்சிக்கிட்டு இருக்கேன். சொல்லத் தெரியல. தூளயாச்சும் ஒழுங்கா செஞ்சி குடுப்போம்னு... அதையும் ஒழுங்கா செய்யல."

தவுக்கே காலி டீக்குவளைக்குள் எதையோ தேடினார். அடுத்த மேசையில் ஒரு குடும்பம் நண்டு உடைப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது.

சரசுதான் பேசினாள். "ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய் அழுங்க. ஒரு சட்டியில உப்பே இல்ல. ஒரு சட்டியில உப்பு மட்டுந்தான் இருக்கு. இன்னுமா புரியல?"

துர்கா கண்ணைத் துடைத்தாளா என்று தெரியவில்லை, அதற்குள் ஓடிவிட்டாள். முதல் குவாலியில் மீதி இருந்த இறாலை இரண்டாவதில் கொட்டினாள். வெந்து தனியாக இருந்த சோளத்தை எல்லாம் போட்டாள். வெண்ணெய் ஒரு கட்டி, எலுமிச்சை இரண்டு மூடி. பெரிய தீயில் நாலே புரட்டு. மேசையில் காகிதத்தை விரித்து அப்படியே கொட்டினாள்.

தவுக்கே தொடவில்லை. ஓர் இறாலை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்க மொதல்ல."

சாப்பிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னொன்றுக்குக் கை நீட்டியதும் என் கையைத் தட்டிவிட்டு அவர் எடுத்தார். பிறகு பேச்சில்லை. மூன்று, நாலு, ஐந்து. தலையைக்கூட விடாமல் சூப்பினார். சட்டையில் சிவப்பாகக் கறை. சோளத்தைக் கடித்துக்கொண்டே உள்ளேயிருந்த தன் மனைவியைச் சீனத்தில் கூப்பிட்டார். அவர் வந்து நின்றபடியே ஆறு சாப்பிட்டார்.

"சரி" என்றார் தவுக்கே, விரலைத் துடைத்துக்கொண்டு. "மூலை ஒனக்கு. அடுத்த சனிக்கெழம ஆரம்பி. ஆனா ஒரு கண்டிசன். ஒங்க அப்பா அடுப்புப் பக்கம் வரக்கூடாது."

"ஸ்டாம்பு ஒட்டி எழுதி வாங்கிக்குங்க தவுக்கே" என்றாள் சரசு.

துர்கா சிரித்தாள். எனக்கு அது போதும் என்று இருந்தது.

அதன் பிறகு

பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு அம்மாவும் மகளும் காரில் முன்னால் கிளம்பினார்கள். ஏறும் முன் துர்கா கார்க் கதவருகே நின்று போனில் பேசினாள். "திங்கட்கெழம வரமாட்டேன்... இல்ல, அடுத்த வாரமும் இல்ல" என்பது மட்டும் எனக்குக் கேட்டது.

நான் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தேன். ஹெல்மெட்டை எடுக்கக் கடைசி மேசைக்குத் திரும்பினேன். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. முதலில் வைத்த அந்தத் தட்டு அப்படியே ஓரத்தில் இருந்தது. ஒன்றைத் தவிர எல்லா இறாலும் தொடாமல் ஆறிக்கிடந்தன. கடைப் பையன் குப்பைக் கூடையோடு வந்து கையை நீட்டினான்.

"இரு தம்பி" என்றேன். அவன் அடுத்த மேசைக்குப் போனான்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்தேன். காலையிலிருந்து துர்கா ஒவ்வொரு இறாலின் முதுகையும் கீறி, குடலை எடுத்து, மூன்று தண்ணீரில் அலசியது. உப்பு சுத்தமாக இல்லை. வைக்கோலை மெல்லுகிற மாதிரி இருந்தது. பக்கத்து மேசையில் உப்புச் சீசா இருந்தது. எடுக்கவில்லை. கடைசி ஒன்று வரை சாப்பிட்டு முடித்து, தட்டைப் பின்னால் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவி, கவிழ்த்து வைத்தேன்.